மத்தளத்துக்கும் வயலினுக்கும் நடுவே தகேமிட்சு

பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த நாட்களில், மட்டக்களப்பில் எங்கள் ஊர்க் கோயில் வெளியில், இங்குள்ள மரபுக் கூத்து வகைகளுள் ஒன்றான வடமோடிக் கூத்து ஒன்றுக்கு, ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டுகள் எழுதிய சட்டம் கொடுத்துப் பழக்கம் தொடங்கியிருந்தது. கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் என் தாயின் தமையன்; எழுபது வயதைத் தாண்டியவர். அரங்கேற்றத்துக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பாட்டுகளுக்குக் கொஞ்சம் இசை சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று கூத்தாடும் இளைஞர்கள் சிலர் எண்ணி, வயலின் வாசிக்கத் தெரிந்த என்னையும் ஓர்கன் வாசிக்கும் ஒரு பையனையும் அழைத்தார்கள். நான் மனமுவந்து போனேன். இரண்டு கிழமை இரவுகளில் உட்கார்ந்து, தரு எனப்படும் ஒவ்வொரு கூத்துப் பாட்டுக்கும் அடியில் மேலைத்தேய முறைப்படி, பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகள் எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்த முதல் இரவில், அரசன் வரவுப் பாட்டின் மூன்றாவது அடியிலேயே மாமா மத்தளத்தை நிறுத்திவிட்டார். அவர் கோபப்படவில்லை. தோலின் மீது உள்ளங்கையை வைத்து அதிர்வை அடக்கிவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மருமகன். ஆனா மத்தளம் பேசக்குள்ள உங்கட பெட்டி என்னத்துக்குக் குறுக்க பேசுது? பாடுறவன் எந்தப் பக்கம் போவான்?"

அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் தேடி எடுத்தது ஒரு பழைய இறுவட்டு. ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு, 2005 இல், இடைத்தங்கல் முகாம்களில் பிள்ளைகளோடு வேலை செய்ய வந்திருந்த ஜப்பானியத் தொண்டர் ஒருவர், நான் வயலின் வாசிப்பவன் என்று அறிந்து, திரும்பிப் போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனது. அப்போது அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சுருதி சேராத இரண்டு கருவிகளும், அவற்றைக் கவனியாதது போல் ஒலிக்கும் பெரிய வாத்தியக் குழுவும் என்றுதான் என் காதுக்குப் பட்டது. மாமாவின் கேள்விக்குப் பிறகு கேட்டபோதுதான் அந்த இசையை எழுதியவரும் அதே கேள்வியோடு பல ஆண்டுகள் இருந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவர் பெயர் தோரு தகேமிட்சு. அந்த இசையாக்கத்தின் பெயரைத் தமிழில் 'நவம்பர் படிகள்' என்று சொல்லலாம்.

தகேமிட்சு 1930 ஒக்டோபர் 8 ஆம் திகதி டோக்கியோவில் பிறந்தார். 1944 இல், 14 வயதில், பள்ளிப் படிப்பை இடைநிறுத்தி இராணுவ வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மேலைத்தேய இசை தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. மலைப்பகுதி முகாம் ஒன்றில், இளம் அதிகாரி ஒருவர் கையால் சுற்றும் கிராமபோனில், சீவிய மூங்கிலையே ஊசியாக வைத்து, ஒரு பிரெஞ்சுப் பாடலைப் பையன்களுக்குப் போட்டுக் காட்டினார். உலகில் இப்படியும் ஓர் ஓசை உண்டா என்ற வியப்பு அந்தச் சிறுவனை விட்டு நீங்கவில்லை. போர் முடிந்த பிறகு அமெரிக்கப் படையினரின் முகாமில் வேலை செய்தார். நோயில் படுத்துக் கிடந்த நாட்களில் அவர்களின் வானொலியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இசையமைப்பாளராவது என்று முடிவு செய்தார். பியானோ வாங்க வழி இல்லை. காகிதத்தில் பியானோவின் கட்டைகளை வரைந்து வைத்து விரல் பழகினார். தெருவில் நடக்கும்போது எந்த வீட்டிலாவது பியானோ ஓசை கேட்டால், கதவைத் தட்டிச் சற்று நேரம் வாசிக்கலாமா என்று கேட்பார். இதைக் கேள்வியுற்ற இன்னொரு இளம் இசையமைப்பாளர், தோஷிரோ மயுசுமி, முன்பின் பழக்கமில்லாத இவருக்கு ஒரு பியானோவை அனுப்பி வைத்தார். இத்தகைய ஒரு செயலுக்காகவே மயுசுமியின் பெயரை மறக்கலாகாது என்று நினைக்கிறேன்.

1948 முதல் சில காலம் யசுஜி கியோசேயிடம் பாடம் கேட்டதைத் தவிர, அவர் பெரும்பாலும் தாமாகவே கற்றவர். 1950 இல் அவருடைய பியானோ இசை முதன்முதலாக மேடையேறியபோது, இது இசைக்கு முந்திய ஏதோ ஒன்று என்று விமர்சகர் ஒருவர் எழுதினார். அதைப் படித்துவிட்டுத் திரையரங்கின் இருட்டுக்குள் போய் அமர்ந்து அழுததாகத் தகேமிட்சுவே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1957 இல், நோயின் நடுவே, தந்தி வாத்தியங்களுக்கென ஓர் இரங்கல் இசையை எழுதினார். 1959 இல் ஜப்பானுக்கு வந்திருந்த இசையமைப்பாளர் இகோர் ஸ்திராவின்ஸ்கி, ஒலிநாடாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தற்செயலாக இது ஒலிக்கத் தொடங்கியது. நிறுத்தப் போனவர்களைத் தடுத்து, இறுதிவரை கேட்டுப் பாராட்டினார். அதன் பிறகே உலகம் தகேமிட்சுவைத் திரும்பிப் பார்த்தது.

இந்தக் காலம் முழுவதும் தகேமிட்சு ஜப்பானிய இசையிலிருந்து விலகியே இருந்தார். மரபிசை அவருக்குப் போரையும், போரில் இழந்த இளமையையும் நினைவூட்டியது. தன் நாட்டின் ஓசைகள் எவையும் தன் எழுத்துக்குள் நுழையக் கூடாது என்று எச்சரிக்கையாக இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். பின்னர் ஒரு நாள் பொம்மலாட்ட அரங்கில் தடித்த கழுத்துடைய ஷமிசென் என்ற தந்தி வாத்தியத்தின் ஓசையைக் கேட்டு அதிர்ந்து போனார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் 1962 இல் ஜப்பானுக்கு வந்தார். ஆசிய மெய்யியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட அவருடைய நட்பால், தன் மரபின் மதிப்பைத் தான் உணர்ந்ததாகத் தகேமிட்சு வெளிப்படையாகவே நன்றி சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் கர்நாடக முறையில் வயலின் கற்றவன். எனக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர், கூத்துப் பாட்டைப் பாடினால் சுருதி கெட்டுப் போகும், கூத்தாடும் களரிப் பக்கம் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே, மத்தளம் முழங்கும் வீட்டில் பிறந்தும், பதினைந்து ஆண்டுகள் அதைக் கேளாதவனாகவே இருந்தேன். தகேமிட்சு விலகியிருந்ததற்குப் போர் என்ற பெரிய காரணம் இருந்தது. எனக்கிருந்தது மேடைக் கச்சேரியை உயர்வென்றும் களரியைத் தாழ்வென்றும் நம்ப வைத்த ஒரு பழக்கம் மட்டுமே. கூத்தை அந்த நிலையிலிருந்து மீட்க 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்துச் செய்த வேலையை நான் பிந்தித்தான் அறிந்தேன். அந்த மேடையில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து அந்தப் பணியை இங்கேயே தொடர்ந்தார்.

மரபுக் கருவிகளிடம் தகேமிட்சு முதலில் வந்தது திரைப்படத்தின் வழியாக. 1962 இல் மசாகி கோபயாஷி இயக்கிய 'செப்புக்கு' என்ற படத்தில் பிவாவைப் பயன்படுத்தினார். பிவா என்பது பேரிக்காய் வடிவ உடலும் குறுகிய கழுத்தும் உடைய தந்தி வாத்தியம். விசிறி போல் விரிந்த பெரிய மரத் துண்டால் தந்தியை அடித்து மீட்டுவார்கள். 1966 இல் பிவாவுக்கும் ஷகுஹாச்சிக்கும் மட்டுமாக ஓர் இசை எழுதினார். ஷகுஹாச்சி ஐந்து துளைகள் மட்டுமே கொண்ட மூங்கில் குழல். அந்த இசையின் பதிவை வாத்தியக் குழு நடத்துநர் செய்ஜி ஒசாவா, நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவின் தலைமை நடத்துநர் லெனார்ட் பேர்ன்ஸ்டைனுக்குக் கேட்கக் கொடுத்தார். அந்தக் குழு தன் 125 ஆவது ஆண்டு நிறைவுக்காக, இந்த இரண்டு கருவிகளையும் பெரிய வாத்தியக் குழுவையும் சேர்த்து ஓர் ஆக்கம் எழுதித் தருமாறு தகேமிட்சுவைக் கேட்டது.

அவர் மலைப்பகுதியில் ஒரு வீட்டுக்குப் போய், பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் இசைப் பிரதிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தார். தெபுஸ்ஸியை அவர் தேர்ந்ததற்குப் பொருள் உண்டு. 1889 இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவாவின் தாள வாத்தியக் குழு இசையான கமெலானைக் கேட்டு, ஐரோப்பிய இசையை வேறு காதால் கேட்கத் தொடங்கியவர் தெபுஸ்ஸி. ஆசியாவிலிருந்து போன ஓர் அசைவு அவர் வழியாக மீண்டும் ஆசியாவுக்கு வந்திருக்கிறது. தகேமிட்சு முதலில் நினைத்தது நான் நினைத்ததையேதான்: இரண்டு வகை ஓசைகளையும் எப்படியாவது கலந்து ஒன்றாக்க வேண்டும். எழுத எழுத அது பொய்யாகப் பட்டது. பிவா ஒரு முறை அதிர்ந்தால் அந்த ஓர் ஒலிக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. அதற்குத் துணைச் சுரங்கள் தேவைப்படுவதில்லை. மேலைத்தேய வாத்தியக் குழுவோ பல சுரங்கள் ஒன்றையொன்று தாங்கிக் கட்டிடமாக எழும்புவதால் வாழ்வது. இவற்றைக் கலக்கும் வேலையை விட்டுவிட்டு, இரண்டையும் அருகருகே நிறுத்தி, அவற்றின் வேறுபாடு தெளிவாகக் கேட்கும்படி செய்வதே தன் வேலை என்று அவர் தீர்மானித்தார்.

அவ்வாறு எழுதிய ஆக்கம் 1967 நவம்பர் 9 ஆம் திகதி நியூயோர்க்கில் ஒசாவாவின் நடத்துகையில் அரங்கேறியது. பிவா வாசித்தவர் கின்ஷி சுருதா என்ற பெண்மணி. ஷகுஹாச்சி வாசித்தவர் கத்சுயா யொகொயாமா. ஜப்பானிய மரபில் ஓர் இசையின் பகுதியைப் 'படி' என்பார்கள். இந்த ஆக்கத்தில் அத்தகைய பதினொரு படிகள் உள்ளன. நவம்பரும் பதினோராவது மாதம். தந்தி வாத்தியக்காரர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து மேடையின் இடப்புறமும் வலப்புறமும் அமர்த்த வேண்டும் என்று அவர் எழுதி வைத்தார். ஏறத்தாழ இருபது நிமிட இசையில், குழுவும் இந்த இரு கருவிகளும் பெரும்பாலும் மாறிமாறியே ஒலிக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார். காத்திருப்பவர் பிறகு பேசும்போது, முன்னவரின் ஓசை காற்றில் இன்னும் மீந்திருக்கிறது. முடிவுக்குச் சற்று முன், குழு முழுவதும் அமைதியாகிவிட, பிவாவும் ஷகுஹாச்சியும் மட்டும் பல நிமிடங்கள் தனித்து உரையாடுகின்றன. மேடையில் அத்தனை பேர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பதை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். விழாக் கொண்டாடும் குழுவை அப்படிக் காத்திருக்க வைப்பதற்கு எழுதுபவரிடம் பெரிய துணிவு இருந்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடிபடாமல் இருந்த 'சுருதி சேராமை'யும் இப்போது மீண்டும் கேட்டபோது விளங்கத் தொடங்கியது. பிவாவின் தந்தி அதிரும்போது கழுத்தில் உராய்ந்து ஓர் இரைச்சலை எழுப்பும். அதை ஜப்பானியர் 'சவாரி' என்கிறார்கள். நம் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. அந்த இரைச்சல் குறைபாடு என்று கருதப்படுவதில்லை, வேண்டும் என்றே கருவியில் அமைக்கப்படுகிறது. நாம் தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு பருத்தி நூலைச் செருகி, ரீங்காரம் எழும் இடம் வரை நகர்த்திப் பார்க்கிறோமே, அதே அக்கறைதான். அந்த நூலை நாம் 'ஜீவா' என்று அழைக்கிறோம். ஷகுஹாச்சியிலும் மூச்சின் இரைச்சல் ஓசையோடு சேர்ந்தே வரும். முதிர்ந்த மூங்கில் புதருக்குள் காற்று தானாக நுழைந்து எழுப்பும் ஓசையே அந்தக் கலைஞன் அடைய விரும்பும் ஓசை என்று தகேமிட்சு எழுதியிருக்கிறார். இரண்டு ஒலிகளுக்கு நடுவே உள்ள வெளியை ஜப்பானியர் 'மா' என்பார்கள். அந்த வெளி வெறுமையானது அன்று. முன் ஒலித்ததும் பின் ஒலிக்கப் போவதும் அதற்குள் இழுபட்டு நிற்கின்றன. வயலின்காரனாகிய என்னால் வில்லை எடுத்துவிட்டு அரை நிமிடம் சும்மா இருக்க முடிவதில்லை. கர்நாடகக் கச்சேரியில் தம்புரா எப்போதும் ஒலித்துக்கொண்டிருப்பதால், முழு அமைதி என்பதை நான் கையாளப் பழகியதே இல்லை.

மறுநாள் களரிக்குப் போய் என் சுரக்கூட்டுகள் எங்கே தவறின என்று கவனித்தேன். கூத்துக்காரர் தன் குரலுக்கேற்ற கட்டையில், அதாவது சுருதியில், தொடங்குகிறார். இரவு முதிர்ந்து, ஆட்டத்தின் வேகம் ஏறும்போது அந்தக் கட்டையும் சற்றே ஏறிவிடுகிறது. பிற்பாட்டுக்காரர் அதை அறிந்து உடன் ஏறுகிறார். ஓர்கனில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அது அசையாது. பாடகர் தன் இயல்பில் ஏறினால் ஓர்கனோடு மோதுகிறார். ஓர்கனுக்குக் கட்டுப்பட்டால் ஆட்டத்தின் சூடு குறைந்துவிடுகிறது. அத்துடன் சுரக்கூட்டு ஒவ்வோர் அடியிலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கூத்தில் அதைச் சொல்லும் உரிமை மத்தளத்துக்கும் சல்லரி என்னும் கைத்தாளத்துக்கும் உரியது. மாமா கேட்டது இதைத்தான்.

மேலைத்தேயக் கருவி என்பதால் இந்தச் சிக்கல் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வயலினே வெளியிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய முறையில் வயலின் பயின்று, பின்னர் அதைக் கர்நாடக இசைக்கு ஏற்றவர். நம்மவர்கள் அதன் தந்திகளை நம் சுருதிக்கு மாற்றிக் கட்டினார்கள். நின்று தோளில் தாங்கி வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, சுருள் தலையைக் காலில் ஊன்றி, இடக்கை கமகத்துக்காகத் தாராளமாக ஓடும்படி பிடித்தார்கள். ஆனால் மட்டக்களப்பிலேயே வேறொரு வயலினும் இருக்கிறது. இங்குள்ள போர்த்துக்கீசப் பறங்கியர்கள் தங்கள் கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா என்னும் நடனம் ஆடும்போது வாசிக்கும் வயலின், தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய பிடியிலேயே, அவர்களுடைய தாளத்திலேயே வாழ்ந்து வருகிறது. ஒரே நகரத்தில், ஒரே கருவி, இரண்டு உடல்நிலைகளில். எதுவும் மற்றதில் கரைந்து போகவில்லை.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மறைந்து கிடந்த யாழைத் தேடி, ஒலியியலும் கணிதமும் தந்த அளவுகளைக் கொண்டு பழைய நரம்புகளின் இசை நிலைகளைக் கணக்கிட்டார். 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19 ஆம் திகதி அவர் மறைந்தார். கல்லடியில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் இசையமைப்பாளர் அல்லர். இருந்தும், மேற்கிலிருந்து பெற்ற அறிவை யாழின் மீது பூசாமல், யாழை அதன் சொந்தக் குரலில் கேட்பதற்கான காதாக அதைப் பயன்படுத்தியவர் என்ற வகையில், தகேமிட்சுவுக்கு மிக அருகில் நிற்பவராகவே அவரை நான் பார்க்கிறேன்.

'நவம்பர் படிகள்' பெரும் புகழ் பெற்றது. அதே வாய்பாட்டை வைத்து வாழ்நாள் முழுவதும் எழுதியிருக்கலாம். தகேமிட்சு அவ்வாறு செய்யவில்லை. 1973 இல் ஜப்பானிய அரசவை இசையான ககாகு குழுவுக்கென்றே ஓர் இசை எழுதி, 1979 இல் அதை விரித்து முடித்தார். மற்றபடி மேலைத்தேயக் கருவிகளுக்கே பெரும்பாலும் எழுதினார். ஜப்பானியத் தோட்டத்தில் நடப்பவன் ஒரே கல்லையும் மரத்தையும் வெவ்வேறு கோணங்களில் காண்பது போல, ஒரே ஓசைப் பொருளைச் சுற்றி வருவதே அவருடைய கட்டமைப்பு ஆயிற்று. தொண்ணூறுக்கும் மேற்பட்ட திரைப்படங்களுக்கு இசையமைத்தார். அகிரா குரோசாவாவின் 'ரான்' அவற்றுள் ஒன்று. பிற்கால ஆக்கங்களின் இனிமை எனக்குப் பிடிக்கும். ஆயினும் 1967 இல் இருந்த அந்த இறுக்கம் அவற்றில் தளர்ந்துவிட்டது என்றே என் காது சொல்கிறது. 1996 பெப்ரவரி 20 ஆம் திகதி டோக்கியோவில் காலமானார்.

நீர் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1960 இல் நீரின் ஓசைகளை மட்டும் ஒலிநாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டி ஓர் இசை செய்தார். 1981 இல் திமிங்கிலங்களைக் காக்கும் இயக்கத்துக்காகப் புல்லாங்குழலுக்கும் கிட்டாருக்கும் கடலைப் பற்றிய ஓர் ஆக்கம் எழுதினார். எங்கள் வாவியில், கல்லடிப் பாலத்துக்கு அருகே, நிலவு நாட்களில் தோணியை நிறுத்தி, துடுப்பாகிய சவளின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறு முனையில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்பார்கள். சிறுவனாக இருந்தபோது மாமா என்னை அழைத்துப் போயிருக்கிறார். சவளில் காதை வைத்த பிறகும் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பொறுமையிழந்து தலையை எடுக்கப் போனபோது, "இரு மனே, கொஞ்சம் இரு" என்று என் தலையை மெதுவாக அழுத்திப் பிடித்தார். பிறகு, ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தது போல் ஒன்று கேட்டது.

கூத்துக்கு எழுதிய சுரக்கூட்டுகள் அனைத்தையும் எடுத்துவிட்டேன். ஓர்கன் வாசிக்கும் பையனுக்கு முதலில் வருத்தம். இப்போது அவன் சல்லரி பழகுகிறான். வயலினை நான் களரிக்கு வெளியே, பார்வையாளர் பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். மாமாவிடம் கேட்டுக் கேட்டு மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டோம்: கூத்து தொடங்கும் முன், மத்தளத்தின் முதல் அடி விழுவதற்கு முன்னர் ஒரு தடவை; நடுவில், போர்ப் பாட்டு முடிந்து ஆட்டக்காரர் மூச்சு வாங்க வெளியேறிய பின்னர், களரி வெறுமையாக இருக்கும் நேரத்தில் ஒரு தடவை; விடியும் முன் மங்களத்துக்கு முன்னர் ஒரு தடவை. அந்த இடங்களில் வயலின் தனியே ஒலிக்கும், மத்தளம் காத்திருக்கும். மற்ற நேரமெல்லாம் நான் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். புலம்பல் பாட்டில் நான்காவது இடம் ஒன்று வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்ற பழக்கத்தில் அதை வாசித்துக் காட்டினேன். மாமா மத்தளத்தை நிறுத்தவில்லை. ஆனால் அடியைக் குறைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "நாளைக்கும் ஒருக்கா வாசிங்க மருமகன், பாப்பம்" என்றார். நாளை வெள்ளிக்கிழமை, கோயில் பூசை முடிந்த பிறகுதான் பழக்கம் தொடங்கும்.